ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: கலியாணம் முடித்து வந்தவர்களின் கதையையும் பதியுங்கள்

வணக்கம்.

ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் உள்ள ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், சனவரியில் தமிழ் மரபுத் திங்கள் விழா எடுக்கும் அமைப்புகள், எல்லாவற்றின் நிர்வாகக் குழுக்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒன்ராறியோவில் 2014இலும் நாடு முழுவதற்கும் 2016இலும் சனவரி நமக்கென்று அறிவிக்கப்பட்டது. மண்டபம் எடுக்கிறோம், பொங்குகிறோம், சுவரோரம் ஒரு கண்காட்சியும் வைக்கிறோம். அதில் என்னென்ன இருக்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். 1981இல் எரிந்த யாழ் நூலகம். 1983 யூலை. 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்ட 155 தமிழ் அகதிகள். 2009 மே மாதம் போரை நிறுத்தக் கேட்டு ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்த கூட்டம். 2010இல் அகதிகளை ஏற்றி வந்த சன் சீ கப்பல். எல்லாம் இருக்க வேண்டியவைதான். ஒன்றையும் கழற்றச் சொல்லவில்லை.

ஆனால், படத்தில் மட்டும் பார்த்த ஒருவரைக் கலியாணம் முடிக்க, சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து தனியாகப் புறப்பட்டு வந்த பெண்கள் அந்தச் சுவரில் எங்கே? போன முறை இதை ஒரு செயலாளரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, என் தம்பியின் வயது இருக்கும். “அக்கா, அது கலியாணம்தானே” என்றார்.

அந்த இடத்தில் நான் வாதாடவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஆகவே அவருக்கும் அவரைப் போல நினைக்கும் மற்றவர்களுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். கலியாணத்தைப் போரின் வரலாறாகவே எழுதி வைத்திருக்கும் நாடு இது. ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ‘21ஆம் துறை’ என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1928 முதல் 1971 வரை கப்பலில் வந்த குடியேறிகள் இறங்கிய இடம். இன்று கனடாவின் குடிவரவு அருங்காட்சியகம். அங்கே அகதிகளுக்கும் போர்வீரர்களுக்கும் உள்ள அதே மதிப்போடு போர் மணப்பெண்களுக்கும் இடம் இருக்கிறது. அவர்கள் சொன்ன கதைகள் அவர்கள் குரலிலேயே பதிவாகி இருக்கின்றன.

யார் அவர்கள்? இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டில் கனடியப் படையினரைக் கலியாணம் முடித்து இங்கே வந்த பெண்கள். 1939 டிசம்பரில் கனடியப் படைகள் பிரித்தானியாவுக்குப் போய் இறங்கின. நேரே போர்க்களத்துக்குப் போகவில்லை. பெரும்பகுதியினர் ஆண்டுக் கணக்கில் தென் இங்கிலாந்து முகாம்களில் காத்திருந்தார்கள். இளம் ஆண்கள், கையில் சம்பளம், மாலையில் நடன மண்டபம், தலைக்கு மேலே ஜெர்மன் விமானங்கள். 1940 சனவரியிலேயே முதல் கலியாணம் நடந்துவிட்டது. போர் முடிந்த கையோடு கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 48,000 கலியாணங்கள். பெரும்பாலான பெண்கள் பிரித்தானியர். 1945இல் கனடியப் படை விடுவித்த நெதர்லாந்திலிருந்து மட்டும் 1,900க்குக் கொஞ்சம் குறைவான பெண்கள்.

இவர்களைக் கொண்டுவருவதைக் கனடா தன் கடமையாகவே எடுத்துக்கொண்டது. 1944 ஆகஸ்ட்டில், போர் முடிய முன்னரே, லண்டனில் இதற்கென்று ஒரு பணியகம் திறந்தார்கள். கப்பல், ரயில், வழியில் சாப்பாடு, எல்லாம் அரசின் செலவு. கணவன் வீட்டு வாசல்வரை ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. கனடியச் சமையலும் அளவுகளும் விளங்க ஒரு சிறு நூலைக்கூட அரசே அச்சிட்டுக் கொடுத்தது. 1946 பெப்ரவரியில் மொரேற்றானியா என்ற பெருங்கப்பல் லிவர்பூலிலிருந்து ஹலிஃபாக்ஸுக்கு வந்தது. அதுதான் முழுக்க முழுக்க இந்தப் பெண்களுக்கென்று விட்ட முதல் கப்பல். பிறகு அக்விற்றேனியா, குயின் மேரி என்று வரிசையாக வந்தன. ஏறத்தாழ 43,500 மனைவியர், 21,000 குழந்தைகள். ஒவ்வொரு கப்பலிலும் செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் துணைக்கு வந்தார்கள். கப்பலில் வெள்ளைப் பாண் கொடுத்தார்கள். போர்க்காலத்தில் வருடக் கணக்கில் மங்கல் நிறப் பாணைத் தின்றவர்களுக்கு அது கலியாண விருந்து. ஆசையோடு சாப்பிட்டுவிட்டு, அத்லாந்திக் அலையில் அத்தனையையும் வாந்தி எடுத்தார்கள் என்று பல பேர் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இவ்வளவு கவனிப்பும் ரயில் நிலையத்தோடு முடிந்தது.

துறையிலிருந்து இறங்கி நேரே ரயில். சிலருக்கு ஒரு நாள், சிலருக்கு நாலைந்து நாள். நடுச்சாமத்தில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும் ஒரு நிலையத்தில் ரயில் நிற்கும். ஒரு பெண் குழந்தையோடு இறங்குவாள். சீருடையில் மட்டுமே பார்த்த மனுசன் வேறு உடுப்பில் நிற்பான், பக்கத்தில் அவன் தாய் நிற்பாள். ‘பெரிய பண்ணை’ என்று சொல்லியிருப்பான். போய்ப் பார்த்தால் மரக்குற்றியில் கட்டிய இரண்டு அறை, மின்சாரம் இல்லை, கழிப்பறை வெளியே, பக்கத்து வீடு மைல் கணக்கில். கியூபெக் கிராமங்களுக்குப் போன ஆங்கிலப் பெண்களுக்கு மாமியோடு பேசப் பொது மொழியே இல்லை. பழங்குடிப் போர்வீரர்களை மணந்தவர்களுக்கு இன்னொரு விசித்திரம் காத்திருந்தது. அன்றைய ‘இந்தியர் சட்டப்படி’, பதிவு பெற்ற பழங்குடி ஆணை மணந்த வெள்ளைக்காரிக்குச் சட்டத்தில் பழங்குடித் தகுதி வந்துவிடும். அதே சட்டத்தில், வெளியாரை மணந்த பழங்குடிப் பெண் தன் தகுதியை இழப்பாள். 1985 வரை அப்படித்தான் இருந்தது. லண்டனில் பிறந்தவள் பழங்குடி, இங்கேயே பிறந்தவள் இல்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வரவேற்பு எல்லோருக்கும் கிடைத்ததல்ல. அதே 1946இல், இந்த நாட்டில் பல வருடம் உழைத்த சீன ஆண்கள் தங்கள் மனைவியரைக் கூப்பிட முடியாது. 1923இல் போட்ட தடைச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. ஒரு பக்கம் மனைவிமாருக்காகக் கப்பல் விடுகிறார்கள், மறு பக்கம் மனைவிமாருக்குக் கதவு சாத்தியிருக்கிறது. தோலின் நிறம் இதில் வேலை செய்யவில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

உண்மையில் நமக்கு நெருக்கமானவர்களைத் தேடினால் அவுஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். போருக்குப் பிறகு ஜப்பானில், ஹிரோஷிமாவுக்குப் பக்கத்துக் குரே துறைமுகப் பகுதியில், அவுஸ்திரேலியப் படையினர் நிலைகொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பெண்களோடு பழகக் கூடாது என்று கட்டளை. பழகினார்கள், கலியாணமும் முடித்தார்கள், பிள்ளைகளும் பிறந்தன. ஆனால் மனைவியை ஊருக்குக் கூட்டிப்போக விடவில்லை. 1952இல்தான் அனுமதித்தார்கள். சுமார் 650 ஜப்பானியப் பெண்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், நேற்றுவரை எதிரி என்று சொல்லப்பட்ட நாட்டிலிருந்து, மகனைப் போரில் இழந்த வீடுகள் உள்ள தெருக்களுக்கு. பலர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார்கள், பிள்ளைகளோடு ஜப்பானிய மொழியே பேசவில்லை. மற்றவர் கண்ணில் படாமல் வாழ்வதுதான் நல்ல வாழ்க்கை என்று பழகினார்கள். எங்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்த கதை!

சரி, நம்முடைய கதைக்கு வருகிறேன்.

80களின் நடுவிலிருந்து இங்கே அகதியாக வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இளம் ஆண்கள். அகதி வழக்கு முடிந்து, நிரந்தர வதிவிடம் கிடைத்து, வேலையும் எடுத்தபின் கலியாணம். பெண் ஊரில். அவர் அங்கே போக முடியாது, அவள் இங்கே வர விசா இல்லை. ஆகவே இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு ஊரில் தாலி கட்டினார்கள். சென்னையில், சிங்கப்பூரில். என் கலியாணப் படத்தில் பெண் வீட்டுப் பக்கம் நிற்பவர்களில் பாதிப் பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. தங்கியிருந்த வீட்டுக்காரரின் சொந்தக்காரர். அம்மாவுக்கு வர வழியில்லை.

அந்தத் தாலிக்கு முன்னால் எவ்வளவு நடந்தது? யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற இயக்கத்திடம், அதாவது புலிகளிடம், பாஸ் எடுக்க வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும். கிளாலிக் கடனீரேரியை இருட்டில் படகில் கடக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வவுனியாவில் இராணுவத்தின் பாஸ். கொழும்பில் லொட்ஜ், பொலிஸ் பதிவு, இரவில் தட்டப்படும் கதவு. இதற்குள் சாதகப் பொருத்தம், சீதனப் பேச்சு, டொனேஷன் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் காசு, எல்லாம் முறைப்படி நடந்தன. 2007 யூன் 7ஆம் தேதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்களே, நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்ததே, நினைவிருக்கிறதா? வெளிநாட்டு விசாவுக்கென்று வந்து காத்திருப்பவர்கள் தங்கும் இடங்கள் அவை. அப்படிக் காத்திருந்தவர்களில் கலியாணப் பெண்கள் இருந்தார்கள்.

ஏன் அவ்வளவு அவசரமாக அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். இராணுவத்துக்குப் பயம். இயக்கத்தில் சேர்த்துவிடுவார்களோ என்றும் பயம். குமர்ப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம் அது. கனடாவில் ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் அது கலியாணம் மட்டுமில்லை, உயிர் தப்புகிற வழி. இரண்டாவது பயத்தைச் சொல்ல உங்களில் சிலருக்குத் தயக்கம் இருக்கும் என்று தெரியும். ஆனால் ஒரு பயத்தை மட்டும் எழுதினால் எங்களுடைய கதை அரைவாசிதான்.

இங்கே எங்களுக்குக் கப்பல் வரவில்லை; கட்டணம்தான் வந்தது. 1995இலிருந்து குடிவரவுக்கென்று தலைக்கு 975 டொலர், விண்ணப்பச் செலவு வேறு. சீட்டுப் பிடித்துக் கட்டினார்கள். கலியாணம் உண்மையானதா என்று விசா அதிகாரி கேட்பார். அதற்கு அல்பம், கடிதம், தொலைபேசிப் பற்றுச்சீட்டு. கலியாண அல்பம் எங்களுக்கு நினைவுப் பொருளாக ஆகுமுன் சாட்சிப் பொருளாக இருந்தது. கணவர் எங்கள் செலவுக்கு 10 வருடம் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தார். 2002இல் வந்த சட்டம் அதை 3 வருடமாகக் குறைத்தது. இந்தக் கையெழுத்தைக் காட்டியே மனைவியை மிரட்டியவர்கள் இருந்தார்கள். 2012 ஒக்ரோபரில் அரசு இன்னும் ஒரு படி போனது. புதிதாகக் கலியாணம் முடித்து வரும் மனைவி இரண்டு வருடம் கணவனோடு சேர்ந்து வாழாவிட்டால் வதிவிடம் போய்விடலாம். துன்புறுத்தல் இருந்தால் விலக்கு உண்டு என்று விதியில் இருந்தது. பேஸ்மென்றில் இருக்கும், ஆங்கிலம் தெரியாத பெண் அதை எங்கே போய் வாசிப்பாள்? 2017 ஏப்ரலில்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்த ஊர்ச்சங்கம் எதையும் எனக்குத் தெரியாது. இருந்தால் சொல்லுங்கள், பெயர் போட்டு நன்றி எழுதுகிறேன்.

எல்லாமே துயரம் என்று சொல்ல வரவில்லை. படத்தில் பார்த்த மனுசன் நேரிலும் நல்லவராக இருந்த வீடுகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். குளிரில் ரொறன்ரோவின் ரிரிசி பஸ்ஸுக்குக் காத்து நின்று, பக்டரியில் ஓவர்டைம் செய்து, புதுக் குடியேறிகளுக்கான லிங்க் வகுப்பில் ஆங்கிலம் படித்து, தம்பி தங்கைமாரைக் கரைசேர்த்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய பெண்கள். ஊர்ச்சங்கங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த கட்டடங்களில் அந்த ஓவர்டைம் காசும் இருக்கிறது. கல்வெட்டில் கணவரின் பெயர் இருக்கும்.

1946இல் வந்தவர்களின் கதை தானாக அருங்காட்சியகத்துக்குள் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். முதல் முப்பது வருடம் அவர்களையும் யாரும் கேட்கவில்லை. 70களில்தான் மேற்கு மாகாணங்களில் அவர்களே சங்கம் அமைத்துக் கூடத் தொடங்கினார்கள். பிறகு பதிவு, கண்காட்சி. 60 வருடம் கழித்து, 2006ஐ நியூ பிரன்ஸ்விக் மாகாணம் போர் மணப்பெண்கள் ஆண்டு என்று அறிவித்தது. அப்போது பலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு சிக்கல் வெளியே வந்தது. சில மணப்பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது ‘நீங்கள் கனடியப் பிரசையே இல்லை’ என்று பதில் வந்தது. வாழ்நாள் முழுக்க வாக்களித்தவர்கள்! போர் முடிய முன்னர் இங்கிலாந்தில் பிறந்த ஒரு மகன் வழக்குப் போட்டு 2006இல் வென்றார், 2007இல் மேல்நீதிமன்றத்தில் தோற்றார். 2009இலும் 2015இலும் சட்டத்தைத் திருத்தித்தான் பெரும்பாலோருக்குக் குடியுரிமையைச் சரிசெய்தார்கள். பழைய கடதாசிகளும், ‘இப்படித்தான் வந்தோம்’ என்று சொல்லும் ஆட்களும் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வருகிற சனவரிக்கு முன்னால், ஒவ்வொரு சங்கமும் தன் ஊரிலிருந்து 1983க்கும் 2009க்கும் இடையில் கலியாணத்துக்கென்று வந்த பெண்களிடம் கேட்டுப் பதியத் தொடங்குங்கள். எங்கள் கையில் கடிதங்கள் இருக்கின்றன, குரல் பதிந்து அனுப்பிய கசெற்றுகள் இருக்கின்றன, முடிந்த காலிங் கார்டுகளைக்கூட எறியாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கசெற் நாடா உதிரத் தொடங்கிவிட்டது, அதற்கு அவசரம் உண்டு. வைக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. நூலகம் என்ற இணைய நூலகம் 2005இலிருந்து நம் ஆவணங்களைப் பாதுகாத்து வருகிறது. ஸ்காபரோவிலேயே ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு நாம் காசு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். அங்கே போய்ப் பேசலாம்.

எப்படிக் கேட்பது என்பதில் எனக்குப் பிடிவாதங்கள் உண்டு. கணவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. தலைவரோ செயலாளரோ கேட்கக் கூடாது. ஊரில் யாருடைய மகன் என்று தெரிந்தவரிடம் எந்தப் பெண்ணும் மாமியைப் பற்றிப் பேசமாட்டாள். கேட்பதற்கு இளம் பெண்களைப் பழக்குங்கள், வேறு ஊர்ச்சங்கத்துப் பிள்ளைகள் என்றால் இன்னும் நல்லது. காசைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். சீதனம் எவ்வளவு, பயணம் ஒழுங்குசெய்த ஏஜென்சிக்கு யார் கட்டியது, அந்தக் கடன் எப்போது முடிந்தது என்று. கலியாணம் முறிந்தவர்களை விட்டுவிடாதீர்கள். வேறு ஆளின் படத்தைக் காட்டி ஏமாற்றப்பட்டவர்கள், பிள்ளையோடு இரவில் காப்பகத்துக்குப் போனவர்கள், திரும்பிப் போனவர்கள், இங்கே வந்து வேறொருவரை முடித்தவர்கள், இவர்களும் அதே போரில் அதே வழியால் வந்தவர்கள்தான்.

பயமும் இருக்கும். ஏஜென்சிக்காரன் கொடுத்த கடவுச்சீட்டில் வந்தவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே பெயரை மாற்றிப் பதிய வழி வேண்டும். கதை சொன்னவர் கேட்ட காலம்வரை, அது 20 வருடமோ 40 வருடமோ, பதிவைத் திறக்காமல் பூட்டி வைக்க ஒப்பந்தம் வேண்டும். ஒரு சட்டத்தரணியைப் பிடித்து இதை எழுத்தில் செய்யுங்கள். நம்மிடம் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை. அரைவாசிப் பேர் உங்கள் விழா மலருக்கு விளம்பரம் தருகிறவர்கள்.

முதல் ஆளாக இருந்து பேச நான் தயார். என் தோழியர் சிலரும் சம்மதித்திருக்கிறார்கள். இதை உங்கள் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாகப் போடுங்கள். ‘வேறு விடயங்கள்’ என்று கடைசியில் தள்ள வேண்டாம், அதற்குள் எல்லோரும் எழும்பிவிடுவார்கள். கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வையுங்கள், சனிக்கிழமை எங்களில் பலருக்கு வேலை. கார் ஓட்டாதவர்களை ஏற்றி இறக்க ஆள் ஒழுங்கு செய்தால் பிராம்ப்டனிலிருந்தும் வருவார்கள்.

இப்படிக்கு,
1990களில் கலியாணம் முடித்து ஸ்காபரோவுக்கு வந்த ஒருத்தி